குளிர்நிலப் பட்டறைகளுக்குத் தரைவழி வெப்பம்

ஒரு தொழிற்கூடம் அமைக்கத் திட்டம் தீட்டும்போது மூலதனம், மின்சாரம், கச்சாப்பொருள், போக்குவரத்து, பயிற்சி பெற்ற தொழிலாளர் ஆகியவை கிடைக்குமா என்று ஆராய்கிறோம். வெப்பம் கிடைக்குமா என்று எவரும் கேட்பதில்லை. சமவெளியில் வாழும் நமக்கு வெப்பம் வேண்டாத விருந்தாளி. ஆனால் லடாக், காஷ்மீர், லாஹௌல்–ஸ்பிதி, கின்னௌர், தவாங் போன்ற உயர்நிலப் பகுதிகளில் ஒரு பட்டறை ஆண்டுக்கு எத்தனை நாட்கள் இயங்கும் என்பதைத் தீர்மானிப்பது வெப்பமே.

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சனவரி மாத இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 15 பாகை, சில இரவுகளில் 20 பாகை வரை இறங்கும். அத்தகைய இரவு கழிந்த காலைப்பொழுதில் மோட்டார் பட்டறையின் நிலையைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். எஞ்சின் எண்ணெய் பாகுபோல் இறுகியிருக்கிறது. கிரீஸ் கல்லாகிவிட்டது. பேட்டரி தன் திறனில் பெரும்பகுதியை இழந்து நிற்கிறது. வெறுங்கையால் தொட்ட இரும்பு விரலைச் சுடுகிறது. கையுறை அணிந்தாலோ சிறு திருகாணியைப் பிடிக்க முடிவதில்லை. தச்சுப் பட்டறையில் பசை ஒட்டாது, வண்ணப்பூச்சு உலராது. ஆகவே நவம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் இறுதி வரை பல பட்டறைகள் மூடப்படுகின்றன. அல்லது நண்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் பெயரளவுக்குத் திறந்திருக்கின்றன. கட்டடமும் கருவிகளும் ஆண்டில் நான்கைந்து மாதம் உறங்குகின்றன. அவற்றின் மீது வாங்கிய கடனுக்கான வட்டி மட்டும் உறங்குவதில்லை.

குளிர்காலத்தில் அங்கே வேலை இல்லை என்பதும் இனிப் பொருந்தாது. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் உறைநிலைக்குக் கீழ் 33 பாகை வரை இறுகிவிடாத குளிர்கால டீசலை லடாக்கில் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பு டீசல் தொட்டியின் கீழே நெருப்பு மூட்டியும் மண்ணெண்ணெய் கலந்தும் வண்டியைக் கிளப்பிய ஓட்டுநர்கள் இப்போது ஒழுங்காகக் கிளப்புகிறார்கள். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப் பாதையால் லாஹௌல் பள்ளத்தாக்கு குளிர்காலத்திலும் மணாலியுடன் தொடர்பு கொண்டிருக்கிறது. வண்டிகள் ஓடுகின்றன, ஓடும் வண்டி பழுதாவதும் இயல்பே. பழுது பார்க்க வேண்டியவனுடைய கைதான் விறைத்திருக்கிறது.

புகாரியும் அதன் குறைகளும்

இப்பகுதிகளில் வழக்கமாகக் காணப்படும் கணப்பு, புகாரி என்னும் தகர அடுப்பு. விறகு, நிலக்கரி, மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றில் கிடைத்ததை எரித்து, புகையைக் குழாய் வழியே கூரைக்கு மேல் அனுப்புவார்கள். சிறிய அறைக்கு அது போதும். உயர்ந்த கூரையும் அகன்ற கதவும் கொண்ட பட்டறைக்கு அது ஒவ்வாது. சூடான காற்று மேலே எழுந்து கூரைத் தகட்டைத் தொட்டுக் குளிர்ந்துவிடுகிறது. தரையில் மல்லாந்து படுத்து வண்டியின் அடிப்பாகத்தைப் பழுது பார்ப்பவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வண்டியை உள்ளே விடக் கதவைத் திறந்தால், அரை மணி நேரம் எரித்த விறகின் பயன் அரை நிமிடத்தில் வெளியேறிவிடும்.

இதைவிடக் கடுமையான குறை ஒன்று உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டிப் பரவித் தேங்கும் இயல்புடையது. அது பரவக்கூடிய இடத்தில் எரியும் அடுப்பை வைப்பது தகாது. குளிருக்கு அஞ்சிக் கதவையும் சாளரத்தையும் இறுக மூடிவிட்டு அடுப்பெரித்தால் கார்பன் மோனாக்சைடு சேர்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்கியவர் விழிக்காமற் போன செய்திகள் வடமாநிலங்களில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகின்றன.

தரைவழி வெப்பம் என்பது நெருப்பைப் பட்டறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, அதன் பயனை மட்டும் தரைக்கடியில் கொண்டுவரும் முறை. கான்கிரீட் தரைக்குள் புதைத்த குழாய்களில் வெதுவெதுப்பான நீர் ஓடுகிறது. தரை முழுவதும் மிதமாகச் சூடேறி, அடுப்பருகில் நிற்பவருக்கு எட்டுவதுபோல் கதிர்வீச்சாகவே வெப்பத்தைத் தருகிறது. கதிர்வீச்சு காற்றைக் காத்திருப்பதில்லை. எதிர்ப்பட்ட உடலையும் கருவியையும் நேரே சென்று சேர்கிறது. கதவைத் திறந்தால் காற்று போகும், தரையின் சூடு போகாது. கதவை மூடிய சில நிமிடங்களில் பட்டறை பழைய நிலைக்கு வந்துவிடும். வண்டிச் சக்கரங்களோடு வந்த பனி உருகித் தரை தானாகவே உலர்வதும் கூடுதல் நன்மை.

இது மேலைநாட்டிலிருந்து புதிதாக வந்த பொருள் என்று கருத வேண்டியதில்லை. காஷ்மீரின் பள்ளிவாசல்களிலும் பழைய வீடுகளிலும் உள்ள ஹம்மாம் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். குட்டையான கல் தூண்களின் மீது கற்பலகைகளைப் பரப்பி, அடியில் உள்ள வெற்றிடத்தில் விறகை எரித்து, புகையைச் சுற்றவிட்டு வெளியேற்றுவார்கள். ஒரு முறை சூடேறிய கல் பல மணி நேரம் சூட்டைத் தாங்கி நிற்கும். கொரியாவின் ஒண்டோல் முறையும் பண்டை ரோமானியர் குளியலறைகளில் அமைத்த முறையும் இதன் உறவுகளே. லடாக்கின் மரபான வீட்டில் தரைத்தளம் கால்நடைகளுக்கு உரியது. குடும்பம் அதற்கு மேல் தளத்தில் வாழும். கீழே அடைத்த மாடுகளின் உடற்சூடு மேல்தளத்துக்கு எட்டும். எரிபொருட் செலவற்ற தரைவழி வெப்பம் அது.

முதற் செலவு தரைக்கு அன்று

இம்முறையைப் பற்றிக் கேள்விப்படும் அலுவலர் முதலில் கேட்பது, சதுர மீட்டருக்குக் குழாய் என்ன விலை என்பதே. அதற்கு முன்பு, அந்தக் கட்டடம் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று கேட்டாக வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் உயரமுள்ள ஒரு மோட்டார் பட்டறை என்று கொள்வோம். சுவர்கள் சாதாரண கான்கிரீட் கட்டியால் எழுப்பியவை. கூரை வெறும் தகரம். முகப்பில் 3 மீட்டர் உயர, அகல இரும்பு ஷட்டர். வெளியே உறைநிலைக்குக் கீழ் 15 பாகை. உள்ளே 12 பாகை போதும். உடலுழைப்பு நடக்கும் இடத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. 27 பாகை வேறுபாட்டை நிலைநிறுத்த இக்கட்டடத்துக்கு ஏறத்தாழ 21 கிலோவாட் வெப்பம் ஓயாமல் வேண்டும். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு தகரக் கூரை வழியாகவே வெளியேறுகிறது.

தரையின் பரப்பு 60 சதுர மீட்டர். ஆகவே ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 350 வாட் தர வேண்டும். தரையால் அது இயலாது. மனிதர் நின்று வேலை செய்யும் தரையின் மேற்பரப்பு 29 பாகைக்கு மேல் போகலாகாது என்பது ஐரோப்பிய நெறி. அதற்கு மேற்பட்டால் நிற்போரின் கால்களுக்குத் துன்பம். 29 பாகைத் தரை 12 பாகை அறைக்குத் தரக்கூடியது சதுர மீட்டருக்கு 200 வாட் அளவே. எவ்வளவு பெரிய கொதிகலனை வெளியே நிறுத்தினாலும் இப்பட்டறை கடுங்குளிர் நாளில் சூடேறாது. பணம் செலவாகும், டீசல் எரியும், தொழிலாளி நடுங்குவான்.

அதே பட்டறைக்குத் தகரத்தின் அடியில் 100 மில்லிமீட்டர் கண்ணாடிக் கம்பளி வைத்து உட்கூரை அமைப்போம். சுவரை மண் செங்கல்லால் கட்டி, வெளிப்புறம் 50 மில்லிமீட்டர் வெப்பக் காப்புப் பலகை பொருத்துவோம். ஷட்டருக்கு உட்புறம் காப்பு வைத்த இரட்டைக் கதவு போட்டுக் காற்றுப் புகும் இடுக்குகளை அடைப்போம். இப்போது தேவைப்படுவது நான்கரை கிலோவாட்டுக்கும் குறைவு. சதுர மீட்டருக்கு 72 வாட். அதைத் தருவதற்குத் தரை 19 பாகையில் இருந்தால் போதும். கையால் தொட்டுப் பார்ப்பவர் இது சூடான தரை என்றே சொல்லமாட்டார். குழாயில் ஓடும் நீர் 30 பாகையை ஒட்டி இருந்தாலே போதும். அந்த அளவு வெப்பத்தைக் கதிரவனிடமிருந்தே பெறலாம் என்பதுதான் இதன் முக்கியத்துவம்.

குளிர்காலம் முழுவதற்கும் கணக்கிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். இரவில் உள்வெப்பநிலை சற்று இறங்க இடங்கொடுத்து, சராசரியாக 14 பாகை வேறுபாடு என்று எடுத்துக்கொள்வோம். காப்பற்ற பட்டறைக்கு நாளொன்றுக்கு 265 யூனிட் வெப்பம் வேண்டும். காப்புள்ளதற்கு 54 யூனிட். ஒரு லிட்டர் டீசல் பயனுள்ள வெப்பமாக 8 யூனிட் தருமெனில், 150 நாட்களில் முன்னதற்கு ஏறத்தாழ 5,000 லிட்டர், பின்னதற்கு 1,000 லிட்டர். வேறுபாடான 4,000 லிட்டரும் மலைச்சாலைகளில் லாரியேற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய எரிபொருள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தரையை இடும் முறை

அடித்தளத்தை இடித்துச் சமன்செய்த பின், நிலத்தின் ஈரம் ஏறாதபடி தடித்த பாலித்தீன் விரிப்பைப் போடுகிறார்கள். அதன்மேல் அழுத்தம் தாங்கும் வகைப் பாலிஸ்டைரீன் பலகைகள், குறைந்தது 50 மில்லிமீட்டர் தடிப்பில், வண்டியின் எடைக்குத் தக்கதாகத் தேர்ந்தெடுத்துப் பரப்பப்படுகின்றன. தரையின் ஓரங்களில் இப்பலகையைச் செங்குத்தாகவும் நிறுத்த வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கான்கிரீட் தரை வெளிச்சுவரையோ வாசற்படியையோ நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த விளிம்பு வழியே வெப்பம் தெருவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஷட்டரின் அடிக்கோடு இதில் மிக மோசமான இடம்.

பலகைகளுக்கு மேல் கம்பி வலை. அதில் குழாய் கட்டப்படுகிறது. இரும்புக் குழாய் துருப்பிடிக்கும்; சாதாரணப் பிளாஸ்டிக் குழாய் வெப்பத்தில் தளரும். இதற்கென்றே செய்த பெக்ஸ் என்னும் பாலிஎத்திலீன் வகைக் குழாய், 16 முதல் 20 மில்லிமீட்டர் அளவில், ஆக்சிசன் புகாத மேலுறையுடன் கிடைக்கிறது. அந்த உறை இல்லாவிட்டால் குழாய்ச் சுவர் வழியே ஆக்சிசன் கசிந்து நீரில் கலந்து பம்பையும் கொதிகலனையும் அரித்துவிடும். குழாய்களுக்கிடையே 15 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். கதவருகிலும் வெளிச்சுவர் ஓரங்களிலும் நெருக்கமாக, நடுவில் அகலமாக. ஒரே சுற்றின் நீளம் 100 மீட்டரைத் தாண்டாமல் பல சுற்றுகளாகப் பிரித்து, எல்லாவற்றையும் சுவரில் பொருத்திய ஒரு பகிர்வுப் பெட்டியில் சேர்க்க வேண்டும். தரைக்குள் குழாய் இணைப்பு ஒன்றுகூட இருக்கலாகாது. மோட்டார் பட்டறைக்கு உரிய ஒரு செய்தியும் உண்டு: வண்டியைத் தூக்கும் ஹாய்ஸ்ட்டின் தூண்கள் எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து அவ்விடத்தைக் குழாயின்றி விட்டுவிட வேண்டும். பின்னாளில் நங்கூர ஆணிக்குத் துளையிடுபவர் கீழே என்ன ஓடுகிறது என்று அறியமாட்டார். கான்கிரீட் போடுமுன் குழாய்களின் அமைப்பை அளவுகோலோடு படம் எடுத்துப் பகிர்வுப் பெட்டியின் கதவுக்குள் ஒட்டிவைப்பது செலவில்லாத காப்பீடு.

கான்கிரீட் இடும்போது குழாயில் அழுத்தம் ஏற்றி, அளவுமானியைக் கண் முன்னே வைத்திருக்க வேண்டும். மண்வெட்டி பட்டு எங்காவது கிழிந்தால் முள் உடனே இறங்கிக் காட்டிவிடும். ஈரக் கான்கிரீட்டை அகற்றிச் சரிசெய்துகொள்ளலாம். தரை இறுகிய பின் அவசரப்பட்டுச் சூடேற்றக் கூடாது. சிமெண்டுத் தரைக்கு 21 நாட்கள் பொறுத்து, முதலில் 25 பாகை நீரை மூன்று நாள் ஓடவிட்டு, பிறகே படிப்படியாக உயர்ந்த அளவுக்குப் போகும்படி ஐரோப்பிய நெறி கூறுகிறது. இல்லையேல் தரை வெடிப்பு விடும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பிப்ரவரியில் பணி நிமித்தம் லடாக்கில் ஒரு பயிற்சிப் பட்டறையைப் பார்க்க நேர்ந்தது. அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. புத்தம்புதுக் கட்டடம், கான்கிரீட் கட்டிச் சுவர், தகரக் கூரை. தரைவழி வெப்ப அமைப்பு நிறுவப்பட்டதாகக் கோப்பில் இருந்தது. உள்ளே நுழைந்தால் நடுவில் ஒரு புகாரி எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி மாணவர்கள் நெருங்கி நின்றார்கள். கடைசல் இயந்திரங்கள் நான்கும் தார்ப்பாய் போர்த்தி நின்றன. தரை வெப்பம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். நிறுவிய முதல் ஆண்டு டிசம்பரில், இரவில் மின்சாரம் தடைப்பட்டது, பம்பு நின்றது, காலையில் தரையில் நீளமாக ஒரு விரிசல் தெரிந்தது என்றார் வயது முதிர்ந்த பயிற்றுநர். குழாயில் ஓடியது வெறும் தண்ணீர். மதிப்பீட்டிலிருந்து உறைதடுப்பான் நீக்கப்பட்டிருந்தது. சிக்கனத்துக்காக என்று குறிப்பும் இருந்தது. “தரை செத்துப்போயிற்று சாப், இப்போது நாங்கள் அதன் மேல் நின்றுகொண்டு விறகு எரிக்கிறோம்” என்றார் அவர். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தகைய மதிப்பீடுகளில் நானும் எத்தனையோ வரிகளை அடித்திருக்கிறேன்.

உறைதடுப்பானாக இடப்படுவது கிளைகால். புரோப்பிலீன் கிளைகால், எத்திலீன் கிளைகால் என இருவகை உண்டு, பின்னது நஞ்சு. விலை சற்று அதிகமாயினும் முன்னதையே பயன்படுத்த வேண்டும். நீரில் 40 விழுக்காடு கலந்தால் உறைநிலைக்குக் கீழ் 21 பாகை வரையிலும், 50 விழுக்காடு கலந்தால் 33 பாகை வரையிலும் உறையாது. கலவை அடர்ந்தால் அது சுமக்கும் வெப்பம் குறையும், பம்புக்கு வேலை கூடும். ஆகவே வேண்டிய அளவுக்கு மேல் கலப்பதும் நல்லதன்று. ஆண்டுக்கொரு முறை அடர்த்தியைச் சோதிக்க ஒரு சிறு கண்ணாடிக் கருவி போதும்.

வெப்பம் எங்கிருந்து

டீசல் கொதிகலனை மலையேற்றிக் கொண்டு செல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 3,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். சமவெளியில் சரிசெய்யப்பட்ட எரிப்பான் அங்கே போதிய ஆக்சிசன் இன்றிக் கரியைக் கக்கும். அவ்வுயரத்துக்கு மறுபடி சரிசெய்யாமல் ஓட்டினால் எரிபொருளில் ஒரு பங்கு புகைபோக்கியில் கரியாகப் படிந்துவிடுகிறது. குறைந்த சூட்டு நீரே போதும் என்ற நிலையில் கதிரவன் வெப்பத்தை முதன்மையாகவும், டீசலையோ விறகையோ மாற்றுத் துணையாகவும் கொள்வதே பொருத்தம்.

லடாக்கின் வானம் குளிர்காலத்திலும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மெல்லிய காற்றில் வெயில் கூர்மையானது. தெற்கு நோக்கிச் செங்குத்தாகச் சாய்த்துவைத்த வெற்றிடக் குழாய் வகைச் சூரிய வெப்பக் கலம் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 2 யூனிட் வெப்பம் தரும் என்று அடக்கமாகவே கொண்டாலும், நம் எடுத்துக்காட்டுப் பட்டறையின் 54 யூனிட்டுக்கு 27 சதுர மீட்டர் வேண்டும். அப்பட்டறையின் கூரையில் பாதிக்கும் குறைவான பரப்பு அது. காப்பற்ற பட்டறைக்கோ 130 சதுர மீட்டருக்கு மேல் வேண்டியிருக்கும். கூரையே 60 தான்.

பகலில் கிடைத்த வெப்பம் இரவுக்கு எப்படிப் போகும்? தரையே அதற்குக் களஞ்சியம். 60 சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் தடிப்புள்ள கான்கிரீட்டின் எடை 14 டன்னுக்கு மேல். அதன் சூட்டை ஒரு பாகை உயர்த்த மூன்றரை யூனிட் வெப்பம் செலவாகும். நண்பகலில் ஐந்து பாகை உயர்த்திவிட்டால் சுமார் 17 யூனிட் அதனுள் சேமிப்பாகிவிடும். மாலையிலிருந்து மெல்ல மெல்ல வெளிவரும். இதே இயல்பு ஒரு குறையும் ஆகும். காலை எட்டு மணிக்கு வந்து விசையைத் தட்டி ஒன்பதுக்குச் சூடு வேண்டுமென்றால் இத்தரை தராது. வாரத்தில் ஒரு நாள், அதுவும் அரை நாள் மட்டும் திறக்கும் பட்டறைக்கு இம்முறையைப் பரிந்துரைக்க மாட்டேன். நாள்தோறும் இயங்கும் பட்டறைக்கே இது உரியது.

2014 ஆகஸ்டில் நிமூ–பாஸ்கோ, சுடக் நீர்மின் நிலையங்கள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. 2019 பிப்ரவரியில் ஸ்ரீநகர்–லே மின் தொடர் வழியே லடாக் தேசிய மின் அமைப்போடு இணைந்தது. இதனால் வெப்பப் பம்பு என்னும் சாதனத்துக்கும் இடம் உண்டாகியிருக்கிறது. குளிர்ப்பெட்டியைத் திருப்பி வைத்தாற்போன்று, வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தள்ளும் அமைப்பு அது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு யூனிட் வெப்பம் தந்தாலும் இலாபமே. கடுங்குளிரான பின்னிரவில் அதன் திறன் சரியும். ஆகவே நண்பகலில் ஓட்டித் தரையில் சேமிப்பதே அறிவுடைமை. குளிர்காலத்தில் ஆறுகள் வற்றி நீர்மின் உற்பத்தி குறைவதையும் மறக்கலாகாது. பூகாப் பள்ளத்தாக்கில் 1970களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டு ஆராய்ந்த வெந்நீர் ஊற்றுகள் தரைவழி வெப்பத்துக்கு இயற்கை தந்த கொதிகலன் எனலாம். ஆனால் அவை லே நகரத்திலிருந்து தொலைவில் உள்ளன. வெந்நீரை நெடுந்தூரம் குழாயில் கொண்டு செல்ல இயலாது. ஊற்றின் அருகிலேயே பட்டறை அமைந்தால்தான் பயன்.

கணக்குத் தலைப்புகள்

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் காப்பற்ற கட்டடங்கள் ஏன் எழுகின்றன? லடாக்கியருக்குத் தெரியாமல் அன்று. அவர்களுடைய தடித்த மண் சுவர்களும், மண்ணும் வில்லோக் குச்சியும் பரப்பிய தட்டைக் கூரைகளும் தகரத்தைவிட நூறு மடங்கு மேலானவை. ஷே கிராமத்தில் உள்ள ட்ருக் பத்மா கார்போ பள்ளியில் தெற்குச் சுவரைக் கண்ணாடியால் மூடிப் பகல் வெயிலைச் சுவரிலேயே சேமிக்கும் முறை கையாளப்பட்டிருக்கிறது. அறிவும் உண்டு, முன்மாதிரியும் உண்டு.

இடர் நம் கணக்கு முறையில் இருக்கிறது. வெப்பக் காப்புக்கு ஆகும் செலவு கட்டடத்தின் மூலதனத் தலைப்பில் விழுகிறது. அதைக் கட்டுவது ஒரு துறை. அதனால் மிச்சமாகும் டீசல், பட்டறையை நடத்தும் மற்றொரு துறையின் ஆண்டுச் செலவுத் தலைப்பில் குறைகிறது. செலவழித்தவருக்கு மிச்சம் இல்லை. மிச்சப்படுத்துவோருக்குச் செலவழிக்க அதிகாரம் இல்லை. ஒப்பந்தப்புள்ளியோ முதற் செலவில் மிகக் குறைந்ததையே தேர்ந்தெடுக்கிறது. தகரக் கூரை ஒவ்வொரு முறையும் வெற்றி பெறுவதில் வியப்பில்லை. எரிசக்திச் சேமிப்புக் கட்டட நெறி 2017இல் குளிர்ப் பகுதி தனியாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் 100 கிலோவாட் மின்பளுவுக்குக் குறைந்த கட்டடம் அதன் வரம்புக்குள் வராது. சிறு பட்டறை எதுவும் அந்த அளவை எட்டுவதில்லை.

மதிப்பீட்டுடன் பதினைந்து ஆண்டு எரிபொருட் செலவையும் ஒரே தாளில் காட்ட வேண்டும் என்ற ஒரு விதியே இந்நிலையைப் பெரிதும் மாற்றிவிடும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. திட்டக் குறிப்பில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். தனியார் பட்டறை வைத்திருப்போருக்கு வங்கிக் கடன் தரும்போதும் குழாய்க்குத் தருமுன் கூரைக் காப்புக்குத் தர வேண்டும். கையில் உள்ள பணம் இரண்டில் ஒன்றுக்கே போதுமெனில், காப்பைச் செய்துவிட்டு, தரையில் குழாயை மட்டும் புதைத்துப் பகிர்வுப் பெட்டியில் மூடி வைக்கலாம். கலமும் பம்பும் பின்னொரு ஆண்டில் வரலாம். வார்த்த தரைக்குள் பின்னர் குழாய் புதைக்க முடியாது.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். காற்றின் வெப்பநிலை 5 பாகைக்குக் கீழ் இறங்கினால் கான்கிரீட்டுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்பது ஐ.எஸ். 7861 நெறியின் கருத்து. இறுகுமுன் உறைந்த கான்கிரீட் பிறகு ஒருபோதும் முழு வலிமை பெறாது. லே நகரில் அக்டோபர் இரவுகளே உறைநிலையைத் தொட்டுவிடும். ஆகவே தரையை ஆகஸ்டு முடிவதற்குள் வார்த்தாக வேண்டும்; அதன் பிறகு மூன்று வாரப் பொறுமை, ஒரு வாரப் படிப்படியான சூடேற்றம், அழுத்தச் சோதனை. அதற்குக் காப்புப் பலகையும் குழாயும் சூன் மாதத்தில் மலையேறியிருக்க வேண்டும். ஒப்பந்தம் மேயில் முடிந்திருக்க வேண்டும். நிர்வாக ஒப்புதல் மார்ச்சுக்குள் கையெழுத்தாகியிருக்க வேண்டும். மார்ச்சில் தில்லி அலுவலகங்களில் மின்விசிறிகள் சுழலத் தொடங்கிவிடும். லடாக்கிலிருந்து வந்த வெப்பக் கோப்பு அப்போதுதான் மேசையின் மேலே இருக்க வேண்டும்.